ஸ்வோர்டு ஆர்ட் ஆன்லைன் மாங்காவுல அந்த ரெண்டு வருஷம் எங்க போச்சு, லாக்அவுட் பட்டனை எடுத்துட்டா ஒருத்தரைப் பூட்டி வைக்க முடியுமா

நீங்க கேட்டிருக்கிறது மேலோட்டமா பாத்தா ரெண்டு கேள்வி. ஸ்வோர்டு ஆர்ட் ஆன்லைனோட (சுருக்கமா எஸ்ஏஓ) ஐன்கிராட் மாங்காவை ஒரே ராத்திரில படிச்சு முடிச்சிருக்கீங்க, ஆரம்பத்துல பத்தாயிரம் பேர் கேமுக்குள்ள மாட்டுறாங்க, கொஞ்சம் பக்கம் திருப்புனா ரெண்டு வருஷம் ஓடிப்போய் கேம்ல இருக்கிற 100 மாடில 74வது மாடில நிக்கிறாங்க, நடுவுல ஏதாவது வால்யூமை விட்டுட்டேனான்னு ஒண்ணு. மெனுவுல லாக்அவுட் பட்டனைத் தூக்கிட்டா ஒரு ஆளு உள்ளயே மாட்டிக்குவானா, இது நிஜத்துல நடக்குமான்னு இன்னொண்ணு. கடைசில, மாட்டின ஜனங்க அவ்வளவு மடத்தனமா சாவாங்களான்னு ஒரு துணைக் கேள்வியும் போட்டிருக்கீங்க. ஆனா கேள்வியை நீங்க எழுதியிருக்கிற விதத்தைப் பாத்தா உண்மையான சந்தேகம் வேற, "இந்தக் கதை ஓட்டையா, இல்ல எனக்குதான் புரியலையா, மேல காசு போடலாமா வேணாமா", அதானே? ஓட்டை இருக்கு, ஆனா நீங்க விரல் வச்ச இடத்துல இல்ல. நான் பதினோரு வருஷமா ஆன்லைன் கேம்களுக்கு சர்வர் பக்கம் கோடு எழுதுற ஆளு, மாங்கா காலேஜ்ல இருந்து படிக்கிறேன். மூளை விஷயத்துல நான் டாக்டர் இல்ல, ஆர்வத்துல படிச்சவன், அந்தப் பகுதிய அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கங்க.

முதல்ல மாங்கா. நீங்க எதையும் விடல. எஸ்ஏஓவுக்கு மாங்கா மூலம் இல்ல, நாவல்தான் மூலம், நிறைய பேர் இதுலதான் குழம்புறாங்க. ரெகி கவஹாரா இந்தக் கதையை 2002ல ஒரு நாவல் போட்டிக்குன்னு எழுதினாரு, ஆனா பக்க வரம்பைத் தாண்டிடுச்சு, வெட்டிச் சுருக்க மனசு வராம அனுப்பாம வச்சிட்டு வேற பேர்ல இணையத்துல போட ஆரம்பிச்சாரு. பல வருஷம் கழிச்சு ஆக்செல் வேர்ல்டுன்னு இன்னொரு கதைக்கு டெங்கெகிங்கிற நாவல் பரிசு கிடைச்ச பிறகுதான், 2009 ஏப்ரல்ல, எஸ்ஏஓ முதல் புத்தகமா வந்துச்சு. அதாவது முதல் வால்யூம்ங்கிறது ஒரே புத்தகத்துல தொடங்கி முடியற மாதிரி யோசிச்ச போட்டிக் கதை. தொடக்கத்தைக் காட்டணும், முடிவையும் காட்டணும், நடுவுல எழுத இடமே கிடையாது. அதனாலதான் அந்தத் தாவல். அந்த முதல் வால்யூமைத்தான் தமாகோ நகமுரா மாங்காவா வரைஞ்சாங்க, ஜப்பான்ல ரெண்டு வால்யூம், இங்கிலீஷ்ல ரெண்டையும் சேத்து ஒரே தடிப் புத்தகமா போட்டாங்க, நீங்க படிச்சது அதாத்தான் இருக்கணும். நாவல்ல இருந்த பள்ளம் அப்படியே மாங்காவுக்கும் வந்துடுச்சு, போதாக்குறைக்கு நாவல்ல கதாநாயகன் கிரிட்டோ மனசுக்குள்ள பேசிக்கிற பகுதியெல்லாம் படமாகும்போது காணாம போயிடுச்சு, அதனால இன்னும் வேகமா ஓடுற மாதிரி இருக்கும். 2012ல வந்த அனிமே இதைக் கொஞ்சம் சரிபண்ணுச்சு, ரெண்டாவது நாவல்ல இருந்த சிலிக்கா, லிஸ்பெத், சாச்சி கதையெல்லாம் தேதி வாரியா நடுவுல கொண்டுவந்து சொருகினாங்க, அதனால அனிமே பாத்தவங்களுக்கு அந்தப் பள்ளம் அவ்வளவா உறுத்தாது.

பள்ளத்தை நிஜமாவே நிரப்பணும்னு கவஹாராவே 2012 அக்டோபர்ல ப்ரோக்ரெசிவ்னு தனி வரிசை தொடங்கினாரு, முதல் மாடில இருந்து மாடி மாடியா. நல்ல ஐடியாதான், ஆனா எட்டு வால்யூம் முடியும்போது ஏழாவது மாடிலதான் நிக்கிறோம், மொத்தம் 100 மாடி, கணக்கு நீங்களே போட்டுக்கங்க, நம்ம பேரன் படிச்சு முடிப்பான். ப்ரோக்ரெசிவை கிசெகி ஹிமுரா மாங்காவா 7 வால்யூம் பண்ணாரு. என்னைக் கேட்டா இந்தப் பேர்ல வந்த மாங்காவுலயே உருப்படியானது அதான். கிரிட்டோ கண்ணு வழியா போகாம நாயகி அசுனா பக்கத்துல இருந்து தொடங்குது, அண்ணன் வாங்கி வச்ச கேம் ஹெல்மெட்டை சும்மா ஒரு நாள் போட்டுப் பாத்த பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு, கேம்னாலே என்னன்னு தெரியாதவ. மாட்டிக்கிறதுன்னா என்னன்னு அவ வழியாதான் உறைக்கும், ஏன்னா கிரிட்டோவுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

இப்போ பூட்டுறது. லாக்அவுட் பட்டன்ங்கிறது கேம்ல ஒரு மரியாதை, அவ்வளவுதான். நீங்க பட்டனை அமுக்கினா உங்க மெஷின் சர்வர்கிட்ட "போயிட்டு வரேன்"னு ஒரு தகவல் அனுப்பும், சர்வர் உங்க கேரக்டரை சேமிச்சு வச்சிட்டு எடுத்துடும். பட்டன் இல்லன்னா ஒயரைப் பிடுங்குவீங்க, சர்வருக்கு உடனே தெரியாது, ஆனா சில நொடிக்கு ஒரு தடவை உங்க மெஷின்ல இருந்து "உயிரோட இருக்கேன்"னு ஒரு துடிப்பு வரணும், நாங்க ஹார்ட்பீட்னு சொல்றது, அது முப்பது செகண்டு, ஒரு நிமிஷம்னு வச்ச கெடுவுக்குள்ள வரலைன்னா ஆளு போயாச்சுன்னு முடிவு பண்ணிக்கும். நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனில அந்தக் கெடுவை செகண்டுல போட வேண்டியதை யாரோ நிமிஷமா போட்டுட்டாங்க (யாரோன்னா, சரி, எங்க டீம்தான்). நெட் கட்டானவங்க திரும்ப வந்தா "ஏற்கனவே உள்ள இருக்கீங்க"ன்னு சொல்லி வெளிய நிறுத்திடுச்சு, கேரக்டர் உள்ள சிலை மாதிரி நின்னு அடி வாங்கிட்டிருக்கு, ஆளு வெளிய கத்திட்டிருக்காரு. ஒருத்தர் சப்போர்ட்டுக்கு எழுதினது இன்னும் ஞாபகம் இருக்கு, "என் ஆளு உள்ள மாட்டிக்கிச்சு, எடுத்து விடுங்க". நிஜத்துல மாட்டுறதுன்னா இப்படித்தான், பொம்மை உள்ள மாட்டும், மனுஷன் வெளிய மாட்டுவான்.

அதனால எஸ்ஏஓவுல பூட்டு மெனுவுல இல்ல, கேமுலயே இல்ல. பூட்டு தலைல இருக்கு. நெர்வ்கியர்ங்கிற அந்த ஹெல்மெட் ரெண்டு வேலை பண்ணுது, மூளைல இருந்து உடம்புக்குப் போற கட்டளையை கழுத்துக்கிட்டயே மறிச்சு கேமுக்குத் திருப்புது, கழட்ட முயற்சி பண்ணா மைக்ரோவேவை அடிச்சு ஆளைக் கொல்லுது. முதல் பூட்டு உங்க கைக்கு, ரெண்டாவது பூட்டு உங்களைக் காப்பாத்த வர்ற உங்க அம்மாவோட கைக்கு. கேமை உருவாக்கின கயாபா வானத்துல வந்து அறிவிப்பு சொல்ற காட்சில நிறைய பேர் கவனிக்காம போற ஒரு விஷயம் இருக்கு, கரண்டு போய் 10 நிமிஷம் ஆனா சாவு, நெட் கட்டாகி 2 மணி நேரம் ஆனா சாவு. முதல் தடவை படிச்சப்போ நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன், ஏன்னா இது நாங்க தினம் எழுதுற டைம்அவுட் கெடுவேதான், அச்சு அசல். அந்த ரெண்டு மணி நேரம் எதுக்குன்னா, வீட்டுல கிடக்குற உடம்பை ஆஸ்பத்திரிக்கு மாத்துறதுக்கு. கொலைகாரன் ஆம்புலன்ஸுக்கு நேரம் ஒதுக்கி வச்சிருக்கான். அறிவிப்பு வர்றப்பவே வீட்டுக்காரங்க ஹெல்மெட்டைக் கழட்டப் போய் 213 பேர் செத்தாச்சுன்னு ஒரு எண்ணும் சொல்றான். இந்தக் கதைல எனக்குப் பிடிச்ச எழுத்து அந்த ஒரு பக்கம்தான், வாள் சண்டை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அந்த மைக்ரோவேவ் நடக்குமான்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. ஹெல்மெட் எடைல 30 சதவீதம் பேட்டரின்னு கதை சொல்லுது. மூளை எடை சுமாரா 1.4 கிலோ, அதோட சூட்டை 10 டிகிரி ஏத்த தோராயமா 50,000 ஜூல் வேணும், அதாவது 14 வாட்-மணி, ஒரு லேப்டாப் பேட்டரில 50 வாட்-மணி இருக்கு. சக்திக் கணக்கு மட்டும் பாத்தா இடிக்கல, இது எனக்கே ஆச்சரியம். இடிக்கிறது வேற இடத்துல. தலைக்குப் பக்கத்துல வைக்கிற எந்த ரேடியோ சாதனமும் கதிர்வீச்சு அளவு சோதனையைத் தாண்டித்தான் கடைக்கு வரும், நம்ம ஊர் போனுக்கே கிலோவுக்கு 1.6 வாட்ங்கிற வரம்பு இருக்கு. அடுப்பு அளவுக்கு அடிக்கக்கூடிய ஒரு பொருளைப் பிரிச்சுப் பாத்த ஒரு லேப்லயும் ஒருத்தர்கூட "இது எதுக்கு இங்க"ன்னு கேக்கலைங்கிறதுதான் நம்பக் கஷ்டமா இருக்கு. கண்ணாடி VR ஹெட்செட்டைத் திரும்ப சந்தைக்குக் கொண்டுவந்த ஓக்குலஸ் நிறுவனர் பால்மர் லக்கி, கதைல கேம் திறக்குற அதே தேதில, 2022 நவம்பர் 6, தோத்தா ஆளைக் கொல்ற ஹெட்செட் ஒண்ணு செஞ்சிருக்கேன்னு எழுதினாரு, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அவரும் மைக்ரோவேவை விட்டுட்டாரு, சின்ன வெடிமருந்து வச்சாரு, இப்போதைக்கு ஆபீஸ்ல வச்சிருக்கிற கலைப்பொருள்தான்னும் சொன்னாரு. விளையாட்டுக்குன்னாலும் கொஞ்சம் ஓவர்தான்.

மூளைக்குள்ள முழுசா முழுகுற அந்த டைவ் விஷயத்துல எது உறுதி எது சந்தேகம்னு பிரிச்சு சொல்லிடுறேன். மூளை சிக்னலைப் படிச்சு கர்சரை நகர்த்த முடியும்ங்கிறது உறுதி, 2024 ஜனவரில நியூராலிங்க் முதல் மனுஷனுக்கு வச்ச சில்லுல 1,024 எலக்ட்ரோடு, அவரு அதை வச்சு செஸ் ஆடினாரு. ஆனா அது மண்டை ஓட்டைத் திறந்து உள்ள வச்சது, மூளைல இருக்கிறதோ சுமார் 8,600 கோடி நியூரான். வெளில இருந்து தொப்பி மாதிரி மாட்டுற கருவில கிடைக்கிற சிக்னல், கல்யாண மண்டபத்துக்கு வெளிய நின்னுகிட்டு உள்ள யாரு என்ன பேசுறாங்கன்னு கேக்குற மாதிரி, இரைச்சல் கேக்கும், வார்த்தை கேக்காது. படிக்கிறதே இப்படின்னா, மூளைக்குள்ள எழுதுறது இன்னும் பின்தங்கி இருக்கு. காது கேக்காதவங்களுக்கு வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட்ல இருபது சொச்சம் எலக்ட்ரோடு, அதுலயே பேச்சு புரியுது, அது நிஜமாவே பெரிய சாதனை, ஆனா பாட்டுக் கச்சேரி கேக்குறது அவங்கள்ல நிறைய பேருக்கு இன்னும் கஷ்டம். வெயிலோட சூடு, வாளோட கனம், ரொட்டியோட ருசி எல்லாத்தையும் ஒரு ஹெல்மெட் வெளில இருந்து எழுதுறதுங்கிறது இன்னைக்கு இல்லவே இல்ல, இதுல சந்தேகமே கிடையாது. என்னைக்காவது வருமாங்கிறது சந்தேகம், அந்தத் துறைல இருக்கிறவங்களே ஒத்துப்போக மாட்டாங்க. ஆனா உடம்பை மறிக்கிற பகுதி மட்டும் வெறும் கற்பனை இல்ல, தினம் ராத்திரி உங்களுக்கு நடக்குது. கனவு வர்ற தூக்கத்துல மூளைத்தண்டு தசைகளை அசையவிடாம வச்சிடும், அதனாலதான் கனவுல ஓடுறப்போ கட்டில்ல இருந்து நீங்க விழறதில்ல. அது கலையறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துட்டா அசைய முடியாம நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கும், நம்ம பாட்டிங்க அமுக்குவான் பேய்னு சொல்றது அதத்தான். கவஹாராவோட மெஷினுக்கு இயற்கைல கிட்டத்தட்ட இருக்கிற ஒரே உதாரணம் அந்தப் பேய்தான்.

எனக்குத் தெரிஞ்ச துறைல கதை எங்க ஓட்டைன்னா, சர்வர்ல. பத்தாயிரம் பேர் ஒரே உலகத்துல ரெண்டு வருஷம், ஒரு நாள்கூட மெயின்டனன்ஸ் இல்ல, லேக் இல்ல, ஒரே மைதானத்துல அத்தனை பேரையும் கூட்டி வச்சு அறிவிப்பு சொல்றாங்க, ஒருத்தருக்கும் படம் உறையல. நிஜத்துல எல்லாரும் ஒரே உலகத்துல இருக்கிற ஈவ் ஆன்லைன்ங்கிற கேம்ல பெரிய சண்டை வந்தா சர்வர் தாங்காம நேரத்தையே மெதுவாக்கிடுவாங்க, 2014 ஜனவரில பி-ஆர்5ஆர்பிங்கிற இடத்துல நடந்த சண்டைல உலகம் பத்துல ஒரு பங்கு வேகத்துல ஓடுச்சு, சண்டை 21 மணி நேரம் போச்சு. எஸ்ஏஓவுல கார்டினல்னு ஒரு சிஸ்டம் தன்னைத்தானே பாத்துக்குதுன்னு ஒரு வரில சொல்லிட்டுத் தாண்டிடுறாங்க, எனக்கும் அப்படி ஒரு கார்டினல் கிடைச்சா நானும் பொங்கலுக்கு ஊருக்குப் போவேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சரியா யோசிச்சிருக்காரு, கேம் செஞ்ச ஆர்கஸ் கம்பெனி திவாலாகி சர்வரைப் பாத்துக்கிற வேலை ரெக்ட்ங்கிற வேற கம்பெனி கைக்குப் போயிடுது. நிறுத்தவும் முடியாது, நிறுத்தினா எல்லாரும் செத்துடுவாங்க. அந்தக் கரண்டு பில்லை யாரு கட்டுறாங்கங்கிறதுல இருந்துதான் அடுத்த பாகத்து வில்லனே வர்றான், அதுக்கு மேல சொன்னா கதை உடைஞ்சிடும்.

முதல் மாசத்துலயே 2,000 பேர் சாகுறாங்களே, ஜனங்க அவ்வளவு மடத்தனமா நடந்துக்குவாங்களான்னு கடைசில கேட்டிருந்தீங்க. 2005 செப்டம்பர்ல வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் கேம்ல ஹக்கார்ங்கிற பெரிய எதிரி பரப்புற ஒரு நோய் தப்பித்தவறி அவனோட இடத்தை விட்டு ஊருக்குள்ள வந்துடுச்சு, கரப்டட் பிளட்னு பேர். சிலர் ஊரைவிட்டு ஓடினாங்க, சிலர் வைத்தியம் பாக்க வந்து தாங்களும் வாங்கிக்கிட்டாங்க, வேடிக்கை பாக்க வந்தவங்க செத்தாங்க, வேணும்னே கொண்டுபோய்ப் பரப்பினவங்களும் இருந்தாங்க, தொற்றுநோய் ஆராய்ச்சி பண்றவங்களே அப்புறம் இதை எடுத்து எழுதினாங்க. அங்க செத்தா மறுபடி எழுந்துக்கலாம், அதனால அப்படியே ஒப்பிட முடியாது, ஆனா எஸ்ஏஓல வர்ற கூட்டம், ஊருக்குள்ளயே முடங்குறவன், முன்னணில நிக்கிறவன், அடுத்தவனைக் கொல்றவன், இந்தப் பிரிவு எனக்குப் பொய்யாத் தெரியல. சொல்லப்போனா நிஜ உலகத்துல அரசாங்கங்களோட கவலை நேர் எதிர். தென்கொரியா 2011ல இருந்து பத்து வருஷம் 16 வயசுக்குக் கீழ இருக்கிற பசங்களை ராத்திரி 12ல இருந்து காலைல 6 வரைக்கும் ஆன்லைன் கேம்ல இருந்து வெளிய தள்ளிச்சு, சீனா 2021ல சின்னப் பசங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறும் விடுமுறை நாளும் ராத்திரி 8ல இருந்து 9 வரைக்கும் மட்டும்தான்னு போட்டுச்சு. பட்டன் இருந்தும் அமுக்காதவங்களை எப்படி அனுப்புறதுங்கிறதுதான் அங்க பிரச்சனை.

வேற மாங்கா வேணும்னா லாக் ஹொரைசன் படிங்க, மாமரே தோனோ எழுதினது. அதுல ஜப்பான்ல மட்டும் 30,000 பேர் மாட்டுறாங்க, ஆனா செத்தா திரும்ப எழுந்துக்குறாங்க, நாவலாசிரியருக்குப் பயம் காட்டுறதுல ஆர்வம் இல்ல, இனிமே சட்டம் யாரு போடுறது, சாப்பாடு ஏன் சப்புன்னு இருக்குங்கிறதுலதான் ஆர்வம். மெனுவுல அமுக்கி செஞ்ச சாப்பாடு எதுக்கும் ருசி கிடையாது, சமையல்காரனா இருக்கிற ஒருத்தன் கையால சமைச்சாதான் ருசி வருதுன்னு ஒருத்தர் கண்டுபிடிக்க, அதை வச்சே ஒரு ஊரோட அரசியல் மாறுது. சர்வர் மூடுற கடைசி நிமிஷத்துல மாட்டிக்கிற ஓவர்லார்டு இருக்கு, அது மாட்டிக்கிட்டவன் கதையா ஆரம்பிச்சு வேற எங்கயோ போயிடும். 2002லயே டாட் ஹாக்ங்கிற அனிமே, கேம் வரிசைல லாக்அவுட் பண்ண முடியாத ஒரு கேரக்டர் வந்தாச்சு, எஸ்ஏஓ புத்தகமா வர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, அதனால எஸ்ஏஓதான் முதல்னு யாராவது சண்டைக்கு வந்தா இதைச் சொல்லுங்க.

காசு போடுறதா இருந்தா ஹிமுராவோட ப்ரோக்ரெசிவ் மாங்கா முதல் ரெண்டு வால்யூம் மட்டும் வாங்குங்க, பிடிச்சா மேல போங்க, ஐன்கிராடை மறுபடி தொடவே வேணாம். முதல் மாடி பாஸ் சண்டைக்கு முன்னாடி ஒரு இடம் வரும், காஞ்ச கறுப்பு ரொட்டிய அசுனா எந்த எண்ணமும் இல்லாம மென்னுகிட்டிருப்பா, கிரிட்டோ ஒரு சின்ன ஜாடில இருக்கிற க்ரீமை நீட்டுவான், பூசிச் சாப்பிட்டதும் அவ முகம் மாறும். அங்க ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, அதே நேரத்துல நிஜ உலகத்துல ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஹெல்மெட்டோட கிடக்குற அதே பொண்ணுக்கு டிரிப்ஸ் மாத்திட்டு, புண்ணு வராம இருக்க நர்ஸ் ஒருத்தங்க திருப்பிப் படுக்க வைக்கிறதையும் சேத்து நினைச்சுப் பாருங்க.